அத்தியாயம் 14: ஜோதிகாவின் இடத்தில் அகல்யா

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கள்ளிக்குப்பத்து வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. குரல் எழாத சண்டை. குளியலறையில் உலகநாதன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கிற வரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

"டெஸ்ட்டுக்குப் போலன்னா மேடம் கத்துவாங்கம்மா. ப்ளஸ் டூ இது, வெளையாட்டு இல்ல," என்றாள் ஜோதிகா. "இன்னிக்கி ஒரு நாள் நீ போய் அப்பா பக்கத்துல ஒக்காரு. நான் முடிச்சிட்டு நேரா வேப்பம்பட்டு வந்துடறேன்."

"அதுல எனக்கு இன்னாடி தெரியும்?"

"ஆட்டம் தெரிய வாணாம். பசங்க பேரு தெரியும் இல்ல? அது போதும்."

அகல்யாவுக்குக் கால்பந்து என்றால் வாரா வாரம் துவைக்க வேண்டிய ஜெர்சி மூட்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. ஆனாலும் பசங்க பெயர் தெரியும். இப்போதைக்கு அந்த வீட்டில் அதற்குத்தான் பஞ்சம்.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. உலகநாதன் ஒரு காலத்தில் சென்னை லீக்கில் பேர் போன ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நின்று, உயரத்தில் வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை அந்தத் தலைக்காகவே அவருக்கு வேலை போட்டுக் கொடுத்தது. இரண்டு சீசன் கொல்கத்தாவில் ஆடினார், மாநில அணியின் சட்டையும் போட்டார். மைதானத்து ஓரத்தில் நிற்கிறவர்கள் 'மண்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதை ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். மழையில் ஊறிக் கனத்த பந்துக்குக்கூட அவர் தலையை விலக்கியதில்லை. மற்றவர்கள் டீக்குப் போன பிறகும், மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பந்தை முட்டிக்கொண்டே இருப்பார்.

தொழிற்சாலை முதலில் அணியைக் கலைத்தது, பிறகு தானே மூடிக்கொண்டது. உலகநாதன் கோச் ஆனார். காலையில் கள்ளிக்குப்பத்துப் பசங்களுக்குச் சும்மா, சாயங்காலம் நசரத்பேட்டையில் ஒரு தனியார் அகாடமியில் சம்பளத்துக்கு.

இப்போது, ஐம்பதுகூட ஆகாத வயதில், அந்தத் தலை மறக்கிறது. சின்ன வயதில் ஆடிய ஆட்டமெல்லாம் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் முன்னால் பேசிய பேச்சு இல்லை. போன மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர் அகல்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வருஷக்கணக்கா தலையில பந்து வாங்கினதால இருக்கலாம். இனிமே குழந்தைங்களை இவர் பொறுப்புல விடாதீங்கம்மா" என்று சொல்லியிருந்தார்.

அகல்யா அதை உலகநாதனிடம் சொல்லவில்லை. தினமும் தருகிற மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு என்றாள். மைதானத்தை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. இந்த டோர்னமென்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அதுவரைக்கும் ஜோதிகா அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "அப்பா, பரத் களைச்சிட்டான்," "அப்பா, லெஃப்ட்ல ஆள் இல்ல" என்று பேச்சுவாக்கில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பசங்க அவளை 'கோச்சோட பி.ஏ.' என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் நல்லதாகப் போயிற்று, யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த பெஞ்சில்தான் இன்றைக்கு அகல்யா உட்கார்ந்தாள்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, ஜெர்சி மூட்டையும் தண்ணீர் கேனுமாக நடந்து மைதானத்துக்குப் போனபோது வெயில் சுள்ளென்று இருந்தது. பதினாலு வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான அரையிறுதி. ஜெயித்தால் கள்ளிக்குப்பம் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போகும். உலகநாதன் பசங்களை வட்டமாக நிற்க வைத்துப் பேசினார். ஒரு தடுமாற்றம் இல்லை. அகல்யா வாயில் ரெடியாக வைத்திருந்த பெயர்களுக்கு வேலையே வரவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. உயர வந்த ஒரு பந்துக்கு சரணும் எதிரணிப் பையன் ஒருவனும் சேர்ந்து எம்பினார்கள். இரண்டு தலையும் மோதிய சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது.

சரண்தான் இந்த அணியின் ஸ்டாப்பர். ஒல்லிக்குச்சி, உயரம் மட்டும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்திருந்தது. அவன் அம்மா கமலம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஆட்டோ ஓட்டுகிறவள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தனி ஆளாக அவனை வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட முடியாது என்பதால் ஆட்டத்துக்கு வரவில்லை.

உலகநாதன் ஓடினார். அவனைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கூட்டிவந்து மண்டியிட்டு, முகத்துக்கு எதிரே விரலை நீட்டினார்.

"இத்தப் பாரு நைனா. கண்ண மூடாத. தல சுத்துதா?"

"லைட்டா சுத்துது கோச்சு. வெளிச்சம் கூசுது."

"வாந்தி வர்றாப்ல கீதா?"

சரண் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"அவ்ளோதான், இன்னிக்கி உன் ஆட்டம் முடிஞ்சிது. தல விசயத்துல வெளாடக் கூடாது. இப்டி ஆன்ட்டி பக்கத்துல ஒக்காரு." திரும்பி உதவி கோச் செல்வகுமாரைக் கூப்பிட்டார். "செல்வம், ஸ்டேசன் பக்கம் போயி ஐஸ் வாங்கினு வா. அப்டியே இவங்க அம்மாவுக்கு போன் போட்டு வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போய்க் காட்டணும்."

செல்வகுமாரும் உலகநாதன் கையில் வளர்ந்தவன்தான், இப்போதுதான் கோச்சிங் லைசென்ஸ் எடுத்திருந்தான். உடனே பைக்கைக் கிளப்பினான்.

அகல்யா ஈரத் துண்டை சரணின் நெற்றியில் வைத்துப் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். எவ்வளவு தெளிவு! எந்த டாக்டர் இதைவிட நன்றாகப் பார்த்திருப்பார்? ஸ்கேனில் ஏதோ தப்பாகத் தெரிந்திருக்கும், இன்னொரு இடத்தில் காட்டலாம் என்று மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடைவேளை வந்தது, போனது. கள்ளிக்குப்பம் ஒரு கோல் முன்னிலை. ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறந்திருக்கவில்லையோ என்னவோ, ஐஸ் வாங்கப் போன செல்வகுமாரை இன்னும் காணோம், கமலமும் வந்து சேரவில்லை. கடைசி நிமிடங்களில் எதிரணி பந்தை உயரத் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்கக் கள்ளிக்குப்பத்தில் உயரமான பையன் இல்லை. ஓரத்தில் நின்றிருந்த பெற்றோர் கத்தினார்கள். எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது, மைதானத்து மூலையிலிருந்து கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கி அடிக்கிற வாய்ப்பு.

உலகநாதன் எழுந்தார். மைதானத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

"டேய் சரண்! இன்னாடா ஒக்காந்துகினு கீற? ஸ்டாப்பர் இல்லாம எப்டிடா கார்னர தடுப்பானுங்க? எறங்கு!"

சின்னப் பசங்க போட்டியில் வெளியே வந்தவன் திரும்பவும் இறங்கலாம். நடுவர் சரி என்று கை காட்டினார்.

சரண் கோச்சைப் பார்த்தான். பிறகு அகல்யாவைப் பார்த்தான். போகட்டுமா, வேண்டாமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவன் நெற்றியில் வைத்த ஈரத் துண்டு அவள் கையில் இருந்தது.

சொல்வதற்கு ஒரு வரிதான். 'அவனுக்கு அடிபட்டிருக்குங்க.' சொன்னால் உலகநாதன் 'எப்ப?' என்று கேட்பார். பெற்றோர் அத்தனை பேருக்கும் எதிரில், நடுவருக்கு எதிரில், பசங்களுக்கு எதிரில் 'எப்ப?' என்று கேட்பார். அந்த ஒரு சொல்லோடு இத்தனை நாள் மூடி வைத்த எல்லாம் திறந்துகொள்ளும். ஒரு கார்னர்தானே, ஒரு நிமிஷம்தானே, பையனும் இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்.

அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

சரண் ஓடினான். பந்து உயர வந்தது. சொல்லிக் கொடுத்தபடியே, கண்ணைத் திறந்து வைத்து, கழுத்தை இறுக்கி, எம்பி முட்டினான். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். உலகநாதன் "ஆங்! அப்டி!" என்று துள்ளினார். சரண் காலூன்றி இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, களைத்தவன் போல உட்கார்ந்தான். பிறகு சாய்ந்து படுத்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஐஸ் பையோடு திரும்பி வந்த செல்வகுமார் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். "இவன யாரு உள்ள உட்டது?" என்று அவன் கத்தியது அகல்யாவுக்குக் கேட்டது.

ஆவடியில் ஒரு மருத்துவமனை. மூளையில் ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது, உடனே திறந்து எடுக்க வேண்டும் என்று சொல்லி சரணை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்று மட்டும் பதில் வந்தது. வேனில் பின்னாலேயே வந்த பசங்க வீட்டுக்குப் போகமாட்டோம் என்று வராந்தாக் கோடியில் ஜெர்சியோடு நின்றார்கள்.

கமலம் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தாள். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"அடிபட்டுச்சி, ஒக்கார வெச்சிகீறோம், வந்து இட்டுகினு போக்கான்னு போன்ல சொன்னியேடா. ஒக்காந்துகினு இருந்த புள்ள எப்டிடா உள்ள போனான்?"

செல்வகுமார் உலகநாதனைப் பார்த்தான்.

"நான் எறக்கலமா," என்றார் உலகநாதன். குரலில் நடுக்கம் இருந்தது, பொய் இல்லை. "அடிபட்ட புள்ளய நான் எறக்குவனா? நானே இத்தனி வருசம் தலயால ஆடினவன். எனக்குத் தெரியாதா? செல்வம்தான் எறக்கி உட்டிருப்பான். சின்னப் பையன், ஆட்ட வெறில யோசிச்சிருக்க மாட்டான்."

வராந்தாக் கோடியில் நின்ற பசங்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வகுமாரின் முகம் ஒருமுறை சுருங்கியது. தனக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த மனிதர் தன் மேல் பழி போடுகிறார். அவர் தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமலே தலையைத் தாழ்த்தினான்.

"ஆமாங்க்கா. நான்தான்."

கமலம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். "நட்றா ஸ்டேசனுக்கு. எம்புள்ளைக்கி ஒண்ணுன்னா உன்ன உள்ள தள்ளாம உடமாட்டேன். நட்றா!"

டெஸ்ட் முடிந்து வேப்பம்பட்டுக்குப் போய், அங்கே நடந்ததை விசாரித்துக்கொண்டு வந்த ஜோதிகா, செல்வகுமார் 'நான்தான்' என்றபோதே உள்ளே நுழைந்திருந்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துத் தூண் பக்கம் இழுத்தாள்.

"அம்மா, நீ வாயத் தொறக்காத."

"ஜோதி..."

"செல்வம் அண்ணா தானே ஒத்துக்கினாரு. அவருக்கு வயசு கீது, லாயர் வெச்சிப் பாத்துக்கலாம். அப்பாவ நெனச்சிப் பாரு. இது தெரிஞ்சா அகாடமி போச்சு, கிரவுண்டு போச்சு. நாளைக்கி ரோட்ல போனா பைத்தியம்னுவாங்க. ஒரு வாரமாவது தாங்குவாராம்மா அப்பா?" ஜோதிகா அழுதாள். கெட்ட பெண் இல்லை அவள். அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிற பெண் வேறு எப்படிப் பேசுவாள்?

அகல்யாவும் அதையேதான் மைதானத்தில் யோசித்தாள். அப்படி யோசித்த ஒரு நிமிஷம்தான் இப்போது கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறது. மகளின் கையை விலக்கிவிட்டு நடந்தாள்.

"கமலம், அவன உடு. அவன் ஐஸ் வாங்கப் போயிருந்தான். சரண எறங்குன்னு சொன்னது எங்க ஊட்டுக்காரரு."

"அகலு!" என்றார் உலகநாதன்.

"அவரு பொய் சொல்லல. அவருக்கு நெனப்பு இல்ல. ஒரு வருசமாவே இப்டித்தான். பேசினது, செஞ்சது எல்லாம் கொஞ்ச நேரத்துல போயிடுது. தலயில பந்து வாங்கி வாங்கி மூள கெட்டுப் போச்சின்னு டாக்டரு சந்தேகப்படறாரு. புள்ளைங்கள இவர்கிட்ட உடாதன்னு என்கிட்ட சொன்னாரு. நான்தான் மறச்சேன்."

உலகநாதன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி அவருக்கும் இப்போதுதான் வருகிறது.

"இன்னா சொல்ற நீ? எனக்கு இன்னா கேடு? பிரசர் மாத்திரதான துன்றேன்?" மகளைப் பார்த்தார். "ஜோதி, உங்கம்மா இன்னா ஒளறா?"

ஜோதிகா முகத்தை மூடிக்கொண்டாள். அவருக்கு அதுவே பதிலாகப் போயிற்று. சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கமலம் காலரை விட்டாள். ஆனால் நம்பவில்லை. "நல்லா கீதே கத! போலீஸ் கேஸு வரும்னு தெரிஞ்சதும் வியாதியா? புருசனும் பொண்டாட்டியும் சேந்துகினு டிராமா போடறீங்களா? ஊருக்கே பந்தாட்டம் கத்துத் தர்ற ஆளு, மறந்துட்டாராம்!"

அகல்யா கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே ஏதோ வண்டி உருளும் சத்தம் கேட்டு, நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

உலகநாதன் தலையைத் தூக்கினார். முகத்திலிருந்த கலக்கம் வடிந்திருந்தது. வராந்தாக் கோடியில் ஜெர்சியோடு நிற்கிற பசங்களைப் பார்த்ததும் எழுந்து அவர்களிடம் போனார். எந்த ஊருக்கு ஆடப் போனாலும், திரும்பி ரயில் ஏறும் முன்னால் ஒவ்வொருவன் தலையிலும் கை வைத்து எண்ணுவது அவர் வழக்கம். அப்படியே எண்ண ஆரம்பித்தார். பசங்க அசையாமல் நின்றார்கள். பரத்தின் தலையைத் தொட்டபோது அவன் விசும்பினான்.

"எதுக்குடா அயுவுற? ஜெயிச்சிட்டமில்ல?" என்று அவன் முதுகைத் தட்டினார். கடைசிவரைக்கும் எண்ணிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நெற்றி சுருங்கியது.

"ஒருத்தன் கொறயறானே. யார்ரா அது? சரண் எங்க? செல்வம், சரண் எங்கடா? அவங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த அம்மா அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தாள்.

கமலத்தின் முகத்திலிருந்த கோபம் போவதை அகல்யா பார்த்தாள். நம்பிவிட்டாள். அகல்யாவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது போலக்கூட இருந்தது. இனிமேல் செல்வகுமாரை யாரும் தொடமாட்டார்கள், இந்த மனிதரையும் யாரும் குற்றவாளி என்று சொல்லமாட்டார்கள் என்று நினைத்தாள்.

கமலம் மெல்ல அவள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எறங்குன்னு அவரு சொன்னப்ப, நீ எங்க இருந்த?"

"பெஞ்சுல. சரண் பக்கத்துல."

"எம்புள்ள உன்னப் பாத்தானா?"

"பாத்தான்."

"நீ இன்னா பண்ண?"

"தலயக் குனிஞ்சிகினேன்."

கமலம் அதைக் கேட்டு அழவில்லை, அடிக்கவும் கை ஓங்கவில்லை. காக்கிச் சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு மறந்துட்டாரு. நீ மறக்கலியே?"

அறுவை சிகிச்சை அறையின் கதவு திறந்தது. பச்சை உடையில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சரணோட அம்மா யாரு? டாக்டர் கூப்பிடறாரு."

கமலம் நகர்ந்தாள். துணைக்குப் போகலாம் என்று அகல்யாவும் ஓரடி எடுத்து வைத்தாள்.

"நீ வராத," என்றாள் கமலம். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.